மட்டமும் வாட்டமும்

பிப்ரவரி 3, செவ்வாய்

பல் டாக்டர் வீட்டுச் சமையலறைச் சுவருக்கு டைல்ஸ் ஒட்டும் வேலை இன்று முடிந்தது. மதியம் சாப்பாட்டு டப்பாவைத் திறக்கும்போது தோழியிடமிருந்து ஒரு குரல் பதிவு. அவள் கடல் தாண்டிப் போய் மூன்று வருடம் ஆகிறது.

"அடியே, இங்க ஆள் பத்தாத வேலைன்னு ஒரு பட்டியல் போட்டிருக்காங்க. அதுல டைல்ஸ் ஒட்டுறது இருக்குடீ! தொழில் தெரியுமான்னு சோதிச்சுப் பார்ப்பாங்க. தேறிட்டா வீட்டுக்காரரோட வந்து சேரலாம்."

மூன்று முறை கேட்டேன். சாப்பாடு ஆறிப்போனது. நான்காவது முறை சத்தத்தைக் கூட்டி வைத்ததில் மேஸ்திரி அண்ணன் எட்டிப் பார்த்தார். சட்டென்று அணைத்துவிட்டேன்.

சாயங்காலம் வீட்டுக்கு வந்து இவரிடம் சொன்னபோது பள்ளி வேனைக் கழுவிக்கொண்டிருந்தார். "பட்டியல்ல வேன் டிரைவர் இருக்கா?" என்று கேட்டார். இல்லை என்றேன். "அப்ப நீதான் என்னைக் கூட்டிட்டுப் போகணும்" என்று சொல்லிவிட்டுச் சக்கரத்தைத் தேய்க்க ஆரம்பித்தார். பயம் வந்தால் இவர் எதையாவது தேய்ப்பார். இன்று நான்கு சக்கரமும் கண்ணாடி மாதிரி இருக்கிறது.

பிப்ரவரி 5, வியாழன்

விவரம் முழுக்கப் படித்தாகிவிட்டது. முதலில் வேலை பார்த்ததற்குக் கடிதமும் படங்களும். அது சரியென்றால் வீடியோவில் நேர்காணல். அதிலும் தேறினால் இரண்டு நாள் செய்முறைத் தேர்வு.

ஜூலை பதினெட்டோடு எனக்கு நாற்பது. நாற்பது ஆகிவிட்டால் வயதுக்கான மதிப்பெண் குறைந்துவிடும், எங்களுக்கு அது போதாது. அதற்குள் தேறினால் உண்டு, இல்லையென்றால் இந்த ஜென்மத்துக்கு இல்லை.

பதினான்கு வருடம் முட்டி தேய வேலை பார்த்தவளுக்கு என்ன பயம்? ஒரு பயமும் இல்லை.

கொஞ்சம் இருக்கிறது.

பிப்ரவரி 14, சனி

கைபேசியில் ஆயிரத்து இருநூறு படம் வைத்திருக்கிறேன். தரை, சுவர், படிக்கட்டு, மூலை, மறுபடி மூலை. ஒன்றிலும் நான் இல்லை. ஒரு படத்தில் என் முழங்கை இருக்கிறது. இன்னொன்றில் பளபளக்கும் டைல்ஸில் நிழலாகத் தெரிகிறேன், முகத்தைக் கைபேசி மறைத்துவிட்டது. அவர்களுக்கோ வேலை செய்யும்போது முகம் தெரிகிற படம்தான் வேண்டுமாம்.

இவர் வேலையிடத்துக்கே வந்து எடுத்தார். "கொஞ்சம் சிரியேன்" என்கிறார். முட்டிபோட்டுக் கலவை பூசுகிறவள் எப்படிச் சிரிப்பாள்? எல்லாப் படத்திலும் யாரையோ அடிக்கக் கிளம்பியவள் மாதிரி இருக்கிறேன். கீழ் வீட்டு அண்ணி (இவருடைய அக்காதான்) பார்த்துவிட்டு, "தம்பி, இவ இப்படித்தான் பொழுதன்னைக்கும் உன்னைப் பார்க்கிறாளா?" என்று கேட்டார். இவர் ஆமாம் என்று தலையாட்டுகிறார்!

பிப்ரவரி 20, வெள்ளி

கோபமாக வருகிறது. எழுதினால்தான் ஆறும்.

மேஸ்திரி அண்ணன் கடிதம் கொடுத்தார். நல்ல தாள், முத்திரை, கையெழுத்து எல்லாம் இருக்கிறது. நடுவில் என்ன எழுதியிருக்கிறார்? 'என்னிடம் பதினான்கு வருடமாகக் கையாளாக இருக்கிறார்.' கையாளாம்! எவன் வீட்டுக் கையாள்? கலவை குழைக்கிறதும் நான், அளக்கிறதும் நான், வெட்டுறதும் நான், ஒட்டுறதும் நான். அப்புறம் கையாள்னா யாரு, அண்ணன் நிழலா?

கத்தவில்லை. எனக்கே ஆச்சரியம். "அண்ணே, டாக்டர் வீட்டுல ஒரு டைல் பேந்துபோச்சுன்னு கூப்பிட்டா நீங்க யாரை அனுப்புவீங்க?" என்று மட்டும் கேட்டேன்.

"உன்னைத்தான் தங்கச்சி."

"கையாளையா அனுப்புவீங்க?"

தலையைச் சொறிந்தார். "எழுதுற பையன் போன தடவை எழுதினதையே எழுதிட்டான். எழுத்துல என்ன இருக்கு?" என்றார். எனக்கு எல்லாமே அதில்தான் இருக்கிறது என்று சொன்னேன். அங்கேயே சிமெண்ட் மூட்டை மேல் தாளை வைத்து, தன் கையாலேயே வேறு கடிதம் எழுதிக் கொடுத்தார். சுவர், தரை, குளியலறை, படிக்கட்டு என்று நான் செய்த எல்லாம் இருக்கிறது. எழுத்துப் பிழை ஏழு. இருக்கட்டும்.

மார்ச் 2, திங்கள்

கடிதமும் படமும் ஏற்றுக்கொள்ளப்பட்டன! நேர்காணல் 11ஆம் தேதி காலை பதினொரு மணி. எனக்கு ஆங்கிலம் ஐம்பது வார்த்தைதான் தெரியும் என்பதால் மொழிபெயர்க்க ஒருவரை அவர்களே தருகிறார்களாம். அப்பாடா.

மார்ச் 11, புதன்

எங்கே ஆரம்பிப்பது?

அறையில் வேறு யாரும் இருக்கக்கூடாது என்று விதி. இவரை வெளியே அனுப்பிவிட்டேன். கீழே தண்ணீர் வரவில்லையென்று அண்ணி எங்கள் குளியலறையில் துணி துவைக்க வந்திருந்தார். துவைக்கிற சத்தம் பத்து ஐம்பத்தொன்பதோடு நின்றுவிட்டது. கதவுக்குப் பின்னால் அவர் காது இருந்தது எனக்குத் தெரியும்.

திரையில் இரண்டு பேர். தேர்வு அதிகாரி, வெள்ளைத் தாடி, சிரிக்காத முகம். பக்கத்துக் கட்டத்தில் மொழிபெயர்க்கிற அம்மா. தமிழ் மணிமணியாகப் பேசினார்.

சுவரில் எப்படி ஆரம்பிப்பீர்கள் என்று முதல் கேள்வி. "கீழ் வரிசைய மட்டமா ஒட்டிடுவேன். அது மட்டமா இருந்தாத்தான் மேல இருக்கிறதெல்லாம் ஒழுங்கா வரும்" என்றேன். அந்த அம்மா சொன்னார். தாடிக்காரர் புருவம் ஏறியது. ஏதோ எழுதினார். சரி, அசந்துவிட்டார் என்று நினைத்துக்கொண்டேன். மடச்சி!

அடுத்து, போன வேலையைப் பற்றிச் சொல்லுங்கள் என்றார். நாங்க அளந்தோம், நாங்க வெட்டினோம், நாங்க ஒட்டினோம் என்று சொல்லிக்கொண்டே போனேன். நடுவில் கையைக் காட்டி நிறுத்தினார். "யார் அந்த 'நாங்க'?" என்று கேட்டாராம். அன்றைக்கு அந்த வீட்டில் வேறு யார் இருந்தார்கள்? யாருமே இல்லை. "நான்தான் சார்" என்றேன். சொல்லும்போது ஏதோ திருடியவள் மாதிரி கூச்சமாக இருந்தது.

பிறகு வந்தது குளியலறை. தரையில் முதலில் எதைப் பார்ப்பீர்கள்?

"வாட்டம்தான் சார். வாட்டம் இல்லாத குளியலறை குளியலறையே இல்ல. வாட்டம் கொடுக்கத் தெரியாதவனை நான் வேலைக்கே சேர்க்க மாட்டேன்."

அந்த அம்மா ஒரு நொடி தயங்கிவிட்டுச் சொன்னார். அதில் 'சேட்' என்று ஒரு வார்த்தை காதில் விழுந்தது. என் ஐம்பதில் அதுவும் ஒன்று. சேட் என்றால் சோகம். குளியலறைக்கு எதற்குச் சோகம்?

"அம்மா, இருங்க. இப்ப என்ன சொன்னீங்க?"

"நீங்க சொன்னதைத்தான் மேடம். குளியலறைன்னா ஒரு சோகம் இருக்கணும், சோகம் கொடுக்கத் தெரியாதவங்களைச் சேர்க்க மாட்டேன்னு..."

தலையில் கை வைத்துவிட்டேன். "ஐயோ, முகவாட்டம் இல்லம்மா! தண்ணி ஓடுற வாட்டம், சரிவு!" அடுத்த நிமிடம் இன்னொன்று பொறி தட்டியது. "அப்படின்னா முன்னாடி மட்டம்னு சொன்னேனே, அதை என்னன்னு சொன்னீங்க?"

அந்த அம்மா முகம் சிவந்துவிட்டது. "தரம் குறைவா ஒட்டுவேன்னு... மன்னிச்சுக்கோங்க மேடம், எனக்குக் கட்டட வேலைப் பேச்சு பழக்கமில்ல."

அதாவது, கீழ் வரிசையை மோசமாக ஒட்டுவேன், குளியலறையைச் சோகமாக வைத்திருப்பேன். இப்படி ஒருத்தியை எந்த நாடு கூப்பிடும்? பதினான்கு வருடம் இரண்டு வார்த்தையில் போச்சு என்று கண்ணில் தண்ணீரே வந்துவிட்டது. பாவம், அந்த அம்மாவுக்கும் அழுகை முட்டியது.

அப்புறம் எங்கிருந்து வந்ததோ தைரியம். "சார்கிட்ட சொல்லுங்க. பேச்சு வேண்டாம், நான் காட்டுறேன். இந்த வீட்டுக் குளியலறை நான் ஒட்டினது." இடத்தை விட்டு நகரக்கூடாது என்பது விதி. தாடிக்காரர் பேனாவைக் கீழே வைத்தார். சரியென்று தலையை ஆட்டினார்.

கைபேசியைத் தூக்கிக்கொண்டு கதவைத் திறந்தால், அண்ணி நெற்றியில் இடித்தது. ஈரத் துணியோடு படத்தில் விழுந்துவிட்டார். "வணக்கம் சார்" என்று வேறு சொன்னார்! வாளியைத் தள்ளிவிட்டு, தூர மூலையில் ஒரு குவளைத் தண்ணீர் ஊற்றினேன். சொன்ன பேச்சுக் கேட்கிற பிள்ளை மாதிரி நேரே ஓட்டைக்குப் போனது. நான்கு மூலையிலும் ஊற்றினேன். எங்கும் தேங்கவில்லை. "இது வாட்டம்" என்றேன். சுவரில் கீழ் வரிசை மேல் ரசமட்டத்தை வைத்தேன். குமிழி நடுவில் போய் நின்றது. "இது மட்டம்."

தாடிக்காரர் மூக்கைத் திரையோடு ஒட்டிக்கொண்டு பார்த்தார். மூலையில் டைலை எப்படி வெட்டினேன், அடியில் நீர் கசியாமல் என்ன பூசினேன் என்று கேள்வி மேல் கேள்வி. குளியலறைத் தரையில் உட்கார்ந்துகொண்டே முக்கால் மணி நேரம் பதில் சொன்னேன். ஒரு முறைகூட 'நாங்க' வரவில்லை. வந்தது, இரண்டு முறை. உடனே திருத்திக்கொண்டேன்.

மார்ச் 25, புதன்

நேர்காணலில் தேறிவிட்டேன். அண்ணி தான் வணக்கம் சொன்னதால்தான் என்கிறார்.

ஏப்ரல் 7, செவ்வாய்

செய்முறைத் தேர்வு, முதல் நாள். வாசலில் காவலாளி, "உங்க வீட்டுக்காரர் உள்ள போயிட்டாராம்மா?" என்றார். "அவர் வேன் ஓட்டப் போயிருக்கார், நான்தான் உள்ள போகணும்" என்றேன். அனுமதிச் சீட்டை இரண்டு முறை திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

ஆறு பேருக்கு ஆறு தடுப்பு. ஆளுக்கு இரண்டு சுவர், ஒரு தரை. மதியம் மூன்று மணிக்கு என் இடதுபக்கச் சுவர் பாதி ஏறிவிட்டது. கரண்டிப் பிடியால் தட்டிக்கொண்டே வந்தேன். மூன்று டைல் மட்டும் பொக்கென்று கேட்டது. உள்ளே கலவை பிடிக்கவில்லை. விட்டுவிட்டால் யாருக்குத் தெரியும்? இங்கே மேற்பார்வைக்கு வந்த அதிகாரி அந்தப் பக்கம் பார்த்துக்கொண்டு நின்றார்.

எனக்குத் தெரியுமே! பெயர்த்து எடுத்தேன். பக்கத்துத் தடுப்புக்காரர் "என்னக்கா, ஒட்டினதைப் போய்ப் பிடுங்குறீங்க? நேரம் போகுதே" என்றார். சுரண்டி, பூசி, மறுபடி ஒட்ட நாற்பது நிமிடம் போய்விட்டது. நாளைக்குத் தரை முழுவதும் பாக்கி. முட்டி இரண்டும் விண்விண் என்கிறது. ஆனால் மனசு துள்ளுகிறது. நாளை எப்போது விடியும்?

ஏப்ரல் 8, புதன்

முடித்துவிட்டேன். நேரம் தீர ஆறு நிமிடம் இருந்தது. அதிகாரி சுவரெல்லாம் தட்டிப் பார்த்தார், தண்ணீர் ஊற்றினார், எழுதிக்கொண்டார். அடுத்த தடுப்புக்குப் போய்விட்டார். நன்றாகச் செய்தேன் என்று எனக்குத் தெரியும். தெரிந்து என்ன, அவர் சொல்ல வேண்டுமே.

ஏப்ரல் 29, புதன்

இன்னும் வரவில்லை. இவர் வேனில் தேய்க்க இனிமேல் ஒன்றும் பாக்கியில்லை.

மே 14, வியாழன்

வந்துவிட்டது. தேறிவிட்டேன்! தேறிவிட்டேன், தேறிவிட்டேன். ஜூலைக்கு இன்னும் இரண்டு மாதம் இருக்கிறது!

இவர் வேனை எடுத்துக்கொண்டு, உள்ளே ஒரு பிள்ளையும் இல்லாமல், ஹாரன் அடித்தபடி தெருவை ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு வந்தார். அண்ணி என்னைக் கட்டிப்பிடித்து அழுதார், பிறகு எப்போது கிளம்புகிறீர்கள் என்று கேட்டு மறுபடி அழுதார். மேஸ்திரி அண்ணனுக்குப் போன் போட்டேன். "நல்லா இரு தங்கச்சி" என்றார்.

அப்புறம் நானும் இவரும் உட்கார்ந்து, தேறியதாக வந்த கடிதத்தை வரி வரியாகத் தமிழாக்கிப் படித்தோம். மூன்றாவது பத்தியில் எனக்குச் சுர்ரென்று ஏறியது. என் பதினான்கு வருடத்தில் முதல் ஐந்து வருடத்தை 'தொழில் பழகிய காலம்' என்று கழித்துவிட்டார்கள்.

"என்னங்க அநியாயம்! அந்த அஞ்சு வருஷமும் நான் சும்மாவா உட்கார்ந்திருந்தேன்?"

"இரு, இரு. அடுத்த வரியப் படி" என்றார் இவர்.

அடுத்த வரியில் ஒரு தேதி இருந்தது. அந்தத் தேதியிலிருந்து என்னைத் தேர்ந்த தொழிலாளியாக ஏற்றுக்கொள்கிறோம் என்று எழுதியிருந்தது. ஒன்பது வருடத்துக்கு முந்தைய தேதி.

அந்த நாளில் நான் எங்கே இருந்தேன் என்று யோசித்தேன். புது மருத்துவமனைக் கட்டடம். நான்காம் மாடி முழுக்க நான் ஒட்டியது. திறப்பதற்கு முன்னால் பெரிய டாக்டர் வந்து பார்த்து, "யார் வேலை இது? அருமையா இருக்கே" என்றார். நான் மேஸ்திரி அண்ணனைக் கைகாட்டிவிட்டுத் துடைப்பத்தை எடுத்துக்கொண்டு ஓரமாகப் போய் நின்றேன். யாரும் என்னை ஓரமாக நிற்கச் சொல்லவில்லை. நானாகவேதான் போனேன்.

இவர் இரண்டு முறை விரல் விட்டு எண்ணிவிட்டு என்னைப் பார்த்தார். "ஒன்பது வருஷமா ஒரு தொழில்காரியோட குடித்தனம் பண்ணிட்டிருக்கேன். ஒரு வார்த்தை சொல்லலியேம்மா நீ?"

"எனக்கே இன்னைக்குத்தாங்க தெரியும்" என்றேன்.