உன் பேர் வெட்டிய அண்டா

பா,
பிஜித் தீவு,
ஆகஸ்ட் 1988

அன்பு மகள் உர்மிளாவுக்கு அம்மா எழுதுவது. மாரியம்மன் கிருபையில் நானும் உன் அப்பாவும் நாய் கோழி உள்பட சுகம். ஆக்லாந்து குளிரில் நீயும் மருமகனும் விறைத்துப்போகாமல் சுகமாக இருக்க வேண்டும். சங்கம் ஸ்கூலில் மூன்று வகுப்புப் படித்தவள் எழுத்து, சிரிக்காமல் எழுத்துக்கூட்டிப் படி, மருமகனுக்கு இந்தியில் சொல்லு, என்னைக் கேலி செய்கிற இடத்தில் மட்டும் இந்தி மறந்துபோகட்டும்.

நம்முடைய அண்டா, நாற்காலி, பந்தல் ஷெட் வாடகைத் தொழில் பெருத்துவிட்டது, உன் அம்மா மாதிரியே. கல்யாணத்துக்கு மட்டும் கேட்ட காலம் போச்சு, பட்டாளம் ஆட்சியைப் பிடித்த நாளிலிருந்து வாரா வாரம் ஒரு குடும்பம் பூஜை வைத்து ஊருக்குச் சோறு போட்டு பிளேன் ஏறுகிறது. ஊர் காலியாகக் காலியாக நம் அண்டா நிறைகிறது, சிரிப்பதா அழுவதா. இப்போது உன் சித்தப்பா நாகையாவும் கனடாவுக்கு எழுதிப்போட்டிருக்கிறார், போறதுக்குள்ள என் பாதியைப் பிரிச்சுக் குடுங்க அண்ணி என்கிறார். பாதி ஷெட்டுக்குக் கீழ எவன் தாலி கட்டுவான் தம்பி என்று கேட்டேன். பிரித்தால் ரெண்டு பேருக்கும் பிழைப்பு போச்சு, அது அவருக்கும் தெரியும், ஆனாலும் மூஞ்சியைத் தூக்கிக்கொண்டார்.

அதனால் வக்கீலிடம் போனோம். பங்கு யாருக்கு என்று கேட்பாரே, உன் சித்தப்பா தன் பேர் வெட்டிய அண்டாவைச் சாட்சிக்கு கேரியர் லாரியில் ஏற்றி வந்து, ஆபீஸ் படியில் உருட்டி, வக்கீல் மேசைக்கு முன்னால் நிறுத்திவிட்டார். நான் மட்டும் சும்மாவா, என் பேர் வெட்டிய மூடியும் கரண்டியும் கொண்டுபோயிருந்தேன். சமைக்க வந்தீங்களா என்றார் வக்கீல். பாத்திரத்தில் வெட்டின பேர் சட்டத்துக்குப் போதாதாம். ஒருத்தர் பேரில் தொழில் இருந்தால் அவரோடு முடியும், கூட்டு என்றால் ஒருத்தர் விலகினதும் பிரிக்க வேண்டிவரும், கம்பெனி என்றால் அண்டாவெல்லாம் கம்பெனிக்கு, நமக்கு ஷேர், ஆள் போனாலும் அண்டா போகாது என்றார். அப்போ நான் கனடாவுல இருந்தாலும் என் அண்டா இங்க உழைக்குமா என்று கேட்டார் உன் சித்தப்பா. உங்களைவிட நல்லாவே உழைக்கும் தம்பி என்றேன். வாய்விட்டுச் சிரித்தார், சரி என்றார். நாங்கள் முட்டிக்கொண்டால் நடுவில் தீர்ப்புச் சொல்ல மூன்றாவது ஆள் வேண்டும், உன் அப்பாவோ மீட்டிங் வைப்பீர்கள் என்று பயந்து வேண்டாம் என்றுவிட்டார். அதனால் அந்த ஷேர் உனக்கு.

எல்லாப் பாத்திரத்தையும் கம்பெனிக்கு எழுதிக்கொண்டே வந்தார் வக்கீல், ஒன்றில் மட்டும் நிறுத்துங்கள் என்றேன். உன் கல்யாணத்துக்கு வாங்கி உன் பேர் வெட்டினோமே, அந்த முதல் அண்டா. அது கம்பெனிக்கும் இல்லை, வாடகைக்கும் இல்லை. மற்றதெல்லாம் போகிறவர்களுக்குப் பொங்கிப்போடட்டும், ஒன்றாவது வருகிறவர்களுக்கு இருக்க வேண்டாமா.

ரெண்டு பேரும் நூறு வயசு நல்லா இருங்கள், ஸ்வெட்டரைப் போட்டுக்கொள். கூட வைத்திருக்கும் பேப்பரில் கையெழுத்துப் போட்டு உடனே அனுப்பு, உன் சித்தப்பா மனசு மாறுவதற்குள். உன் அண்டாவைக் கழுவிக் கவிழ்த்து வைத்திருக்கிறேன், நீ வந்துதான் நிமிர்த்த வேண்டும்.

இப்படிக்கு,
கம்பெனி முதலாளி ஆகப்போகிற உன் அம்மா,
தாயம்மா