அப்பா சீக்கிரம் விலகிவிடுகிறார்

மார்ச் 3, செவ்வாய்

லாண்டரியில் இன்று ஆஸ்பத்திரி விரிப்புகள் இரட்டிப்பாக வந்துவிட்டன. சூடான ரோலருக்குள் ஈரத்துணியை நான் ஒரு முனை, நெட்டையக்கா ஒரு முனை பிடித்துக் கொடுக்க வேண்டும். அவள் பேசிக்கொண்டே இருப்பாள், நான் தலையாட்டிக்கொண்டே இருப்பேன். அதனால்தான் எங்களுக்குள் சண்டையே வருவதில்லை என்கிறார் சூப்பர்வைசர்.

ஐந்தரைக்கு வீடு. ஆறரைக்கு நானும் அப்பாவும் விளையாட உட்கார்ந்தோம். உட்கார்ந்தோம் என்றால், அவர் முன்னறை நாற்காலியில், நான் உள்ளறைக் கட்டிலில். நடுவில் ஒரு சுவர். போனுக்குள் மட்டும் பக்கத்தில் பக்கத்தில் நிற்போம். அங்கே அவர் பெயர் ‘ஓரமாப்போ’. முப்பது வருடமாக டவுன் பஸ் ஓட்டுகிறவருக்கு வேறு பெயர் தோன்றவில்லையாம். நான் ‘மிளகு’. கையில் ஈட்டி.

ஒரு பூதத்தைத் தொட்டுவிட்டால் போதும், நம் ஆள் தானே போய் அடிப்பான். பத்து நொடிக்கு ஒரு தடவை ஒரு பட்டன். மீதி நேரம் முழுக்க டைப் அடிக்கலாம். இன்று ஒரு பெரியவர் மெத்தையோடு பஸ் ஏறினாராம். கண்டக்டர் மெத்தைக்கும் டிக்கெட் கேட்டதும், அதன் மேலேயே உட்கார்ந்துகொண்டு ‘சீட்டுக்கு எதுக்குய்யா டிக்கெட்’ என்றாராம். நான் சிரித்தேன் என்று டைப் அடித்தேன். சுவருக்கு அந்தப் பக்கம் அவர் சிரிப்பது கேட்டது.

நேரில் நாங்கள் இவ்வளவு பேசமாட்டோம். இரண்டு பேருக்கும் வராது. “அடுத்த ரூமுக்குக் கடுதாசி போடுற குடும்பம் உலகத்துலயே இது ஒண்ணுதான்” என்பாள் அம்மா.

நாளை மறுநாள் பெரிய அப்டேட். சண்டை முழுக்க மாறப்போகிறதாம்.

மார்ச் 5, வியாழன்

மாறிவிட்டது. நம் ஆள் இனித் தானாக அடிக்க மாட்டான். ஒவ்வொரு குத்தும் நாமே குத்த வேண்டும். எதிரி அடிக்கும்போது அவன் ஆயுதத்தில் சிவப்பாக ஒரு மின்னல், கண் சிமிட்டுவதில் பாதி நேரம். அப்போது ‘தடு’ பட்டனை அழுத்தினால் அடி அவனுக்கே திரும்பும். முன்னால் அழுத்தினாலும் போச்சு, பின்னால் அழுத்தினாலும் போச்சு. ‘விலகு’ என்று இன்னொரு பட்டன். ஆனால் விலக விலக மூச்சு குறையும். அதற்கு ஒரு நீலக் கோடு. கோடு தீர்ந்தால் நின்ற இடத்திலேயே மூச்சிரைத்துக்கொண்டு அடி வாங்க வேண்டியதுதான்.

ஒரு சாதாரண ஓநாயிடம் பதினோரு முறை செத்தேன். பன்னிரண்டாவது முறை தடுத்தேன். டங் என்று ஒரு சத்தம். கட்டில் மேல் எழுந்து நின்றுவிட்டேன் போலிருக்கிறது. அம்மா எட்டிப்பார்த்து, பல்லியா என்று கேட்டாள்.

எனக்குப் பிடித்திருக்கிறது. எழுதவே ஒரு மாதிரி இருக்கிறது. ஏனென்றால் அப்பா இன்று ஒரு வரிகூட அனுப்பவில்லை. டைப் அடிக்க அவருக்கும் கை இல்லை, எனக்கும் இல்லை.

மார்ச் 6, வெள்ளி

வலது கட்டைவிரலில் கொப்புளம். ரோலர் சுட்டது என்று நெட்டையக்காவிடம் சொல்லிவிட்டேன்.

மார்ச் 9, திங்கள்

அப்பாவின் சிக்கல் இன்றுதான் புரிந்தது. மெதுவாக ஆடுகிறார் என்று நினைத்திருந்தேன். இல்லை, அவர் ரொம்ப சீக்கிரம். பூதம் கையைத் தூக்குவதற்கு முன்னாலேயே, தோளை அசைக்கும்போதே விலகிவிடுகிறார். எங்கேயோ தூரத்தில் கிளம்பும் அம்புக்கு இப்போதே விலகுகிறார். வேறு யாரையோ அடிக்கப் போகிற பூதத்துக்கும் மரியாதையாக ஒரு தடவை விலகுகிறார். மூச்சுக் கோடு காலி. நிஜமான அடி வரும்போது முழங்காலைப் பிடித்துக்கொண்டு நிற்கிறார்.

சிவப்பு வரும்வரை பொறுங்கள் என்று சுவர் வழியாகக் கத்தினேன். என் அளவுக்குக் கத்தல்.

“சிவப்பு வர்ற வரைக்கும் பொறுக்கிறவனை டிப்போவில ரெண்டே நாள்ல வீட்டுக்கு அனுப்பிடுவாங்கம்மா.”

உண்மைதான். அவர் பஸ்ஸில் நான் போயிருக்கிறேன். தெருவில் ஒரு பந்து உருண்டு வந்தால், அதன் பின்னால் ஓடிவரப்போகிற குழந்தைக்காக அவர் கால் ஏற்கனவே பிரேக் மேல் இருக்கும். முப்பது வருடத்தில் ஒரு கீறல் கிடையாது. அந்தக் காலை நான் எப்படி மாற்றுவது? எதற்கு மாற்ற வேண்டும்?

மார்ச் 14, சனி

ஞாயிறு மாலை ஐந்து மணிக்கு எங்கள் கூட்டம் ஆறு பேர் சேர்வோம். யாரும் யாரையும் நேரில் பார்த்ததில்லை, நானும் அப்பாவும் தவிர. தலைவி ஒரு நர்ஸ். டியூட்டி முடிந்த கையோடு வந்து எல்லாரையும் மருந்து சாப்பிடாத நோயாளி மாதிரி அதட்டுவார். நர்ஸக்கா. மற்றவர்கள் மைக்கில் பேசுவார்கள். நானும் அப்பாவும் மைக்கை மூடிவைத்துக்கொண்டு டைப் அடிப்போம்.

இன்று அவர் எனக்குத் தனியாக எழுதியிருந்தார். சங்கிலிப் பூதத்தை ஜெயித்தால்தான் அடுத்த நாட்டுக்குள் விடுவார்கள், அதற்கு மிளகு முன்வரிசையில் நிற்க வேண்டும், நீ நன்றாக ஆடுகிறாய் என்று. அப்புறம் ஒரு வரி இடம் விட்டு: டிரைவர் அண்ணன் இடத்துக்கு வேறு ஆள் பார்க்கலாமா கண்ணு? நீ சொன்னால் வருத்தப்பட மாட்டார்.

நானா? லாண்டரியில சோப்பு தீர்ந்துபோச்சுன்னு சொல்லவே எனக்கு அரை நாள் ஆகும். இதை நான் எப்படிச் சொல்றது?

அவர் வராவிட்டால் அப்புறம் நாங்கள் எங்கே பேசிக்கொள்வது? அதைத்தான் யாரிடமும் கேட்க முடியவில்லை.

‘நன்றாக ஆடுகிறாய்’ என்பதை நாலு முறை படித்தேன். அதையும் எழுதி வைக்கிறேன்.

மார்ச் 15, ஞாயிறு

நான் எதுவும் சொல்லவில்லை. அப்பாவும் வந்தார். இருபதாவது நொடியில் செத்தார்.

செத்தவர் சண்டை முடியும்வரை எழுந்திருக்க முடியாது. ஆனால் கை சும்மாதானே இருக்கிறது! பத்து நாளுக்குப் பிறகு அப்பா டைப் அடிக்க ஆரம்பித்தார். ‘இங்கேர்ந்து பாத்தா பூதத்துக்குச் செருப்பு இல்ல.’ ‘மிளகு, நல்லா குத்துற.’ ‘மேல்கூரை பிரமாதமா வரைஞ்சிருக்காங்க, நீங்க யாரும் பாக்கல.’ ‘மெத்தைக்காரர் இன்னிக்கும் வந்தார். கட்டிலோட.’

கட்டிலோட என்ற இடத்தில் என் கண் அங்கே போய்விட்டது. சங்கிலி என் தலையில் இறங்கியது. முன்வரிசை விழுந்தால் அவ்வளவுதான். எல்லாரும் தோற்றோம்.

எனக்குச் சிரிப்பும் நிற்கவில்லை, அழுகையும் நிற்கவில்லை. தலையணையை முகத்தில் வைத்துக்கொண்டேன்.

மார்ச் 19, வியாழன்

தட்டு கழுவிக்கொண்டிருந்தேன். தண்ணீர் எடுக்க வந்த அப்பா அங்கேயே நின்றார். “ஞாயித்துக்கிழமை ஆட்டத்துலேர்ந்து நான் இறங்கிக்கிறேம்மா. நீங்க போங்க.”

யாராவது சொன்னார்களா என்று நான் கேட்கவில்லை. அவருக்கு யார் சொல்ல வேண்டும்? வரப்போவதைத் தூரத்திலேயே பார்த்துவிடுகிற மனிதர்.

நான் “சரிப்பா” என்றேன்.

சரியாம். வேற வார்த்தையே கிடைக்கலையா எனக்கு? இருங்கப்பா — அவ்வளவுதானே சொல்லணும்? அரை நொடி. அத்தனை பெரிய பூதம் அடிக்கிறதைத் தடுக்கத் தெரியுது. நல்லா இருக்கு என் வீரம்.

மார்ச் 20, வெள்ளி

விளையாடவில்லை. அவரும் விளையாடவில்லை. சுவர் சுவராக இருந்தது.

மார்ச் 22, ஞாயிறு

எல்லாவற்றையும் வரிசையாக எழுத வேண்டும்.

அப்பா இடத்துக்குப் புது ஆள் வந்தார். நல்ல கைவேகம். பூதம் இறங்க இரண்டு நிமிடம் இருந்தது. முன்னறையில் சத்தமே இல்லை. டிவியாவது போடக்கூடாதா இந்த மனுஷன்? போனோடு எழுந்து போய் அவர் நாற்காலிக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தேன். ஒன்றும் சொல்லவில்லை. சொல்லத் தெரிந்திருந்தால் வியாழக்கிழமையே சொல்லியிருப்பேனே. அப்பா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு குனிந்தார்.

பூதம் இறங்கியது. அப்புறம், ரோட்டிலிருந்து கண்ணை எடுக்காமல் கண்டக்டரிடம் பேசுவாரே, அந்தக் குரலில் சொன்னார்: “இடது தோள் இறங்குது. சுத்தி அடிப்பான்.”

சிவப்பு இன்னும் வரவில்லை. காத்திருந்தேன். வந்தது. டங்.

“காலைத் தூக்கப் போறான், பின்னால போ. இன்னும் கொஞ்சம். போதும், நில்லு.”

அவர் சொல்லி ஒரு மூச்சு கழித்துத்தான் சிவப்பு மின்னுகிறது, ஒவ்வொரு தடவையும். அந்த ஒரு மூச்சு எனக்கு எவ்வளவு நீளமாக இருந்தது தெரியுமா! ஆற அமர நின்று தடுத்தேன்.

தோற்றோம். ஆனால் பூதத்துக்கு விரல் அகலம்தான் உயிர் பாக்கி. இதுவரை பாதிகூடப் போனதில்லை.

முடிந்த பிறகு பார்க்கிறேன், என் மைக் திறந்திருக்கிறது. எழுந்து வந்த அவசரத்தில் விரல் பட்டிருக்க வேண்டும். நர்ஸக்கா குரல்: “மிளகு, யாரும்மா அது? நாங்க அஞ்சு பேரும் அவர் சொன்னதைக் கேட்டுத்தான் ஆடினோம்.”

அப்பா போனைப் பார்த்த பார்வையில், அது தேள் மாதிரி எந்த நேரமும் கொட்டிவிடும் போலிருந்தது.

“எங்கப்பா” என்றேன்.

இத்தனை நாளில் அவர்களிடம் நான் வாயால் சொன்ன முதல் வார்த்தை.

மார்ச் 24, செவ்வாய்

அப்பா மைக்கில் எல்லாருக்கும் சொல்ல வேண்டும் என்று நர்ஸக்கா கேட்டார். அப்பா நெளிந்தார். “முன்னபின்ன தெரியாதவங்ககிட்ட என்னத்தைப் பேசறது? என் பொண்ணுகிட்ட வேணா பேசறேன். கேக்கிறவங்க கேட்டுக்கட்டும்.” அப்படியே அனுப்பினேன். ‘அது போதும்’ என்று பதில் வந்தது.

மார்ச் 29, ஞாயிறு

ஜெயித்துவிட்டோம்!

நாற்காலி இரண்டையும் ஒட்டிப் போட்டுக்கொண்டோம். அப்பா சொல்லச் சொல்ல நான் தடுத்தேன். நடுவில் ஒரு கட்டத்தில் பூதம் புகைக்குள் மறைந்தது. அப்பாவுக்கு ஒன்றும் தெரியவில்லை, பேச்சை நிறுத்திவிட்டார். எனக்குச் சங்கிலி உரசும் சத்தம் வலது பக்கம் கேட்டது. “வலது, எல்லாரும் வலது பக்கம் பாருங்க” என்று யாரோ சத்தமாகச் சொன்னார்கள். நான்தான். அந்த நேரத்தில் கூச்சப்பட இடமே இல்லை.

பூதம் விழுந்ததும் மைக்கில் ஒரே கூச்சல். அம்மா கரண்டியோடு வந்து நின்று, “யார் வீட்டுக் கல்யாணம்?” என்று கேட்டாள். அதுவும் மைக்கில் போயிற்று. நர்ஸக்கா அம்மாவிடம் சாப்பாடு என்னவென்று விசாரிக்க ஆரம்பித்துவிட்டார். கால் மணி நேரம் பேசினார்கள். போன் என்னுடையது.

ஏப்ரல் 2, வியாழன்

விளையாட்டின் பக்கத்தில் பெரிய வாக்குவாதம். இந்த வேகச் சண்டை வந்ததிலிருந்து விளையாட்டே கெட்டுப்போய்விட்டது, வேலை முடிந்து வருகிறவனுக்கு இது இன்னொரு வேலை என்று ஒரு கட்சி. தூங்கிக்கொண்டு ஆடுவதற்குப் பேர் விளையாட்டா என்று இன்னொரு கட்சி. நானும் ஏதோ எழுதப் போய் அழித்துவிட்டேன். இங்கே எழுதுகிறேன்.

பழைய சண்டையில் சண்டை ஒன்றுமே இல்லை. குக்கர் விசிலுக்குக் காத்திருப்பது மாதிரிதான். நாங்கள் அதை விரும்பியது பேசுவதற்காக. புதுச் சண்டை உண்மையாகவே பிடித்திருக்கிறது. மூன்று நிமிடம் என்னை யாரும் பார்க்கிறார்களா என்ற நினைப்பே வருவதில்லை. லாண்டரியில், தெருவில், கடையில் எல்லாம் அந்த நினைப்பு என்கூடவே வரும். ஆனால் அப்பா நாற்காலியில் தனியாக உட்கார்ந்திருந்த அந்த வாரம், எவ்வளவு சரியாகத் தடுத்தும் ஒரு சந்தோஷமும் இல்லை. அப்போதும் இதே சண்டைதான், இதே வேகம்தான்.

ஆகவே எந்தக் கட்சி என்று கேட்டால் எனக்குத் தெரியவில்லை.

ஓரமாப்போ இப்போது விளையாட்டுக்குள் குளத்தங்கரையில் மீன் பிடிக்கிறார். அதற்கு அவசரமே இல்லை. நூற்றுப் பதினான்கு மீன்.

ஏப்ரல் 12, ஞாயிறு

இன்று விளையாடவில்லை.

நாலரைக்கே நாற்காலிகளை ஒட்டிப் போட்டாயிற்று. போன் இரண்டும் சார்ஜில் இருந்தன. அம்மா ஆரஞ்சு கொண்டுவந்து வைத்தாள். அப்பா ஒன்றை உரித்து, நார் எல்லாம் எடுத்து, பாதியை என்னிடம் கொடுத்தார். கொடுத்துவிட்டு என்னைப் பார்க்காமல் கேட்டார்:

“ஸ்கூல்ல யாராச்சும் உன்னை ஏதாச்சும் பண்ணாங்களாம்மா?”

ஒன்பதாவதோடு நான் நின்று இரண்டு வருடம் ஆகிறது. வயிற்றுவலி என்று சொல்லிச் சொல்லித்தான் நின்றேன். இவ்வளவு நாளில் அவர் கேட்டதே இல்லை. நான் தரையைப் பார்த்தேன். அவர் அவசரப்படவில்லை. ஒரு சுளை, இன்னொரு சுளை என்று சாப்பிட்டுக்கொண்டிருந்தார்.

சொன்னேன். யாரும் ஒன்றும் செய்யவில்லை. எழுந்து நின்று பாடத்தைச் சத்தமாகப் படிக்கச் சொன்னார் டீச்சர். எல்லாம் எனக்குத் தெரிந்த எழுத்து. குரல் வரவில்லை. டீச்சர் காத்திருந்தார். நாற்பது பேர் திரும்பிப் பார்த்தார்கள். யாரும் சிரிக்கக்கூட இல்லை. மறுநாள் கேட் வரைக்கும் போனேன், கால் உள்ளே போகவில்லை. அவ்வளவுதான். அவ்வளவுதானே என்று யாராவது சொல்லிவிடுவார்கள் என்றுதான் சொல்லாமலே இருந்தேன்.

அப்பா அப்படிச் சொல்லவில்லை. கையில் இருந்த தோலைத் தட்டில் வைத்தார்.

“நான் என்னமோ யாரோ உன்னை ஏதோ சொல்லிட்டாங்கன்னு நினைச்சு, அந்த ஸ்கூல் ஸ்டாப்புல ஏறுற ஒவ்வொரு பிள்ளையையும் ரெண்டு வருஷமா முறைச்சிக்கிட்டிருக்கேம்மா.”

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவருக்கும். அம்மா உள்ளேயிருந்து வந்து என்ன என்று கேட்டாள். இரண்டு பேராலும் சொல்ல முடியவில்லை. அப்புறம் அம்மாவும் உட்கார்ந்தாள். பேச்சு எங்கெங்கோ போயிற்று. லைட் போட வேண்டும் என்றுகூட யாருக்கும் தோன்றவில்லை. போனை எடுத்துப் பார்த்தபோது நர்ஸக்காவிடமிருந்து பதினேழு அழைப்பு.

பாவம் அந்தப் பிள்ளைகள். நாளையிலிருந்து முறைக்க மாட்டாராம்.