அம்மா கொண்டுபோன சாதகம்

என்ரை அண்ணைக்கு,

எனக்கு இடம் கிடைத்துவிட்டது. செய்தி வந்தபோது பாரிஸில், லா சப்பல் தமிழ்க்கடைகளில் மரக்கறி வாங்கிக்கொண்டு நின்றேன். மின்னஞ்சலைப் படித்தேன், முருங்கைக்காயைப் பைக்குள் வைத்தேன், ரயிலேறி பியர்ஃபித்தில் எங்கடை வீட்டுக்கு வந்துவிட்டேன். சந்தோசம் வரவில்லை. நீங்கள் போன பிறகு எனக்கு எல்லாமே இப்படித்தான், மரத்துப்போய்க் கிடந்தது.

மருத்துவ உளவியலில் முனைவர் படிப்பு. "டொக்டர் எண்டால் மருந்து எழுதுவியோ?" என்று பகிடி பண்ணுவீர்களே, எழுத மாட்டேன். சேருவதற்கே எவ்வளவு கேட்கிறார்கள் தெரியுமா? மாஸ்டர் பட்டம் மட்டும் போதாது. ஒரு பேராசிரியர் என்னைப் பொறுப்பெடுக்கச் சம்மதிக்க வேண்டும். எதை ஆராயப் போகிறேன், எப்படி என்று திட்டம் எழுத வேண்டும். பிறகு ஒரு குழுவின் முன்னால் இருந்து, ஏன் இந்த ஆய்வு, அதுவும் ஏன் நீ என்பதற்குப் பதில் சொல்ல வேண்டும்.

ஏன் நான் என்பதற்கு நீங்கள்தான் பதில். அம்மாவும் நானும் இங்கே வந்த பிறகு, 2009இல் சண்டை முடிந்து, அகதி முகாமிலிருந்து வந்து சேர்ந்தீர்கள். ரூ லூயி-பிளாங்க் தெருவில் ஒரு சாப்பாட்டுக்கடைக் குசினியில் சமையல் வேலை. நித்திரையில்லை, ஒருவரோடும் கதையில்லை. உளவியலாளரிடம் போவோம் என்றேன்.

"எனக்கென்ன விசரே? ஏழரைச் சனி நடக்குது. அது முடிய எல்லாம் சரிவரும்."

அது முடிய முன்னரே அந்தக் குசினியில் உங்கள் இதயம் நின்றுவிட்டது.

பயிற்சிக் காலத்தில் என்னிடம் வந்த எங்கடை ஆட்கள் பலர் முதல் நாளே சாதகத்தை மேசையில் வைத்தார்கள். அதைத்தான் ஆய்வுக்கு எடுத்தேன். சனி விலகட்டும் என்று காத்திருக்கிறவரோடு எங்கிருந்து பேசத் தொடங்குவது?

அந்தக் குழுவின் நேர்முகத்துக்கு முந்தின கிழமை அம்மா சாதகம் பார்க்கிற சாத்திரியிடம் போய்வந்தா. முகத்தில் ஒரு தெளிவு.

"சனி விலகீட்டுதாம். இனித் தொட்டதெல்லாம் துலங்குமாம்."

எனக்குத்தான் என்று நினைத்தேன். அம்மாவின் பையிலிருந்து சாதகத்தை எடுத்தால், அதில் உங்கள் பெயர்.

"அம்மா, மாறிக் கொண்டுபோட்டியள். இது அண்ணையின்ரை."

அம்மா வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தா. நிமிரவில்லை.

"மாறேல்லைப் பிள்ளை. தெரிஞ்சுதான் கொண்டுபோனனான். அவன்ரை நல்ல காலம் எப்பிடி இருந்திருக்கும் எண்டு ஒருக்காக் கேக்க ஆசையா இருந்தது."

"ஆள் இல்லையெண்டு அவரிட்டைச் சொன்னியளோ?"

"சொன்னா வாசிக்க மாட்டாரே."

என்னைப் பற்றி ஒன்றுமே கேட்கவில்லையாம். எனக்கு எப்படியும் கிடைக்கும் என்று அம்மாவுக்குத் தெரியுமாம்.

நேர்முகத்தில் குழுவிலிருந்த ஒரு பெண் கேட்டார்: "சாத்திரத்தை நம்புகிறவரின் எண்ணத்தை எப்படி மாற்றுவீர்கள்?" அதற்கு ஒரு நல்ல பதிலைப் பாடமாக்கி வைத்திருந்தேன். வாயில் வந்தது வேறு. "மாற்றப் பார்க்க மாட்டேன். அங்கே போய் எதைக் கேட்க ஆசைப்பட்டார் என்று கேட்பேன்" என்றேன். அம்மாவின் கதையையும் சொன்னேன். குரல் நடுங்கவில்லை. யாரோ ஒருவரின் அம்மாவைப் பற்றிச் சொல்வதுபோல்தான் இருந்தது. உங்களுக்கும் உள்ளுக்குள் இப்படித்தான் இருந்ததா அண்ணை?

இன்று வீட்டுக்குள் வந்ததும், இடம் கிடைத்துவிட்டது என்று அம்மாவிடம் சொன்னேன். கையைத் துடைத்துவிட்டு உங்கள் படத்தைப் பார்த்தா.

"பார்த்தியே, சாத்திரி சொன்னது சரி. அவன்ரை நல்ல காலம் துவங்கீட்டுது."

முருங்கைக்காய்ப் பையோடு அப்படியே நிலத்தில் இருந்துவிட்டேன். அழுதேன் அண்ணை. இவ்வளவு காலத்துக்குப் பிறகு.

இனி யார் என் மேசையில் சாதகம் வைத்தாலும் ஒதுக்கி வைக்க மாட்டேன். "வாசியுங்கோ, நான் கேட்டுக்கொண்டிருக்கிறன்" என்பேன். இது உங்களுக்கு நான் தரும் வாக்கு.

உங்கள் நல்ல காலத்தையும் சேர்த்துப் படிக்கப் போகும்,
உங்கடை தங்கச்சி