மயில் வரைந்த பானை

அலோன், ரங்கூன்.

என் நீலாம்பாளுக்கு,

நான் சுகம். கூலி லயன்களில் வாந்திபேதி வந்ததும் எங்கள் பானைக் கடை முதலாளியம்மா டோ சீன் விற்பனையை நிறுத்திவிட்டார். "இந்தக் கூலிக்காரங்க காசுலதான் கடை வளந்துச்சு. தாகத்துக்குத் தண்ணியாவது வைப்போம்" என்றார். வழியில் தண்ணீர்ப் பானை வைப்பது பர்மியருக்குப் பெரும் புண்ணியம். குயவர் ஊரான த்வாண்டேயிலிருந்து வந்த பானைகளில் நான் மயில் வரைந்தேன். அலோன் முதல் உங்கள் கியாக்தான் வரை படகுத்துறைகளில் வைத்தோம். பானைக்கு ஒரு கொட்டாங்கச்சி. எல்லோரும் அதையே முக்கிக் குடித்தார்கள்.

இங்கே பானை வைத்த இடங்களில்தான் சாவு அதிகம். நேற்று சுகாதார அதிகாரி கொட்டாங்கச்சியைத் தூக்கிக் காட்டி, "ஒருத்தர் கையிலேர்ந்து அடுத்தவர் வாய்க்கு நோயைக் கொண்டுபோனது இதுதான்" என்றார். டோ சீன் தம் கையாலேயே பானைகளை உடைத்துக்கொண்டிருக்கிறார்.

படகில் ஆட்களை ஏற்றுவதில்லை. தபால் மட்டும் போகிறதாம். இது கிடைத்ததும் உங்கள் துறையில் இருக்கும் பானையை உடைத்துவிடு.

"அப்பா வரைஞ்ச மயிலு" என்று சொல்லி, பாப்பா தினமும் அதில்தான் தண்ணீர் குடிக்கிறாள் என்று எழுதியிருந்தாய். பெருமையாகக் கடையில் எல்லோருக்கும் படித்துக் காட்டினேன். அதற்கப்புறம் உன் கடிதம் வரவில்லை.

உனக்கு மை தீர்ந்திருக்கும்.

இப்படிக்கு,
பாப்பாவின் அப்பா