வாயில் வராத வரி

ஜூன் 3

மழை. முழங்கால் வலி. கூரை ஒழுகும் இடத்துக்குக் கீழே வாளி வைத்தோம். எனக்கு எழுத்து தெரியாது. நான் சொல்லச் சொல்ல மருமகள் எழுதுகிறாள். "தனியா புலம்பறதுக்கு இது தேவலை மாமா" என்று அவள்தான் இந்த வழக்கத்தை ஆரம்பித்து வைத்தாள். இன்று இரண்டு தரம் பேனாவைக் கீழே வைத்து மூச்சு வாங்கினாள். கேட்டால், மாடிப்படி ஏறினாளாம். அவள் படியேறி எவ்வளவோ நேரமாகிறது. "இதையும் எழுதும்மா" என்றேன். முறைத்துக்கொண்டே எழுதுகிறாள்.

ஜூன் 9

பெரிய ஆஸ்பத்திரிக்குப் போனோம். அவள் இதயத்தில் ஒரு வால்வு பழுதாம். நெஞ்சைத் திறந்து மாற்ற வேண்டுமாம். வழியெல்லாம் வாய் ஓயாதவன் என் மகன். திரும்பி வரும்போது பஸ் டிக்கெட்டை மடிப்பதும் பிரிப்பதுமாகவே வந்தான்.

ஜூன் 10

குடும்ப ஜெபம் முடிந்ததும் மருமகள் பிடித்துக்கொண்டாள். "மாமா, கர்த்தர் கற்பிச்ச ஜெபத்துல ஒரு இடத்துல மட்டும் உங்க வாய் மூடிக்குது. கல்யாணமாகி வந்ததுல இருந்து பாக்கறேன்."

"இருமல்."

"தினமும் அதே இடத்துல வர்ற இருமலா?"

சொல்லிவிட்டேன். என் மூத்த மகளுக்கு அப்போது ஏழு வயது. காய்ச்சல். நீலக் கம்பளி, ஒரு ஓரம் பிரிந்தது. தண்ணீர் கேட்டாள், கொடுத்தேன். பாதியிலேயே டம்ளரைத் தள்ளிவிட்டாள். முழங்காலில் நின்று, உம்முடைய சித்தம்போல ஆகட்டும் என்றேன். விடிவதற்குள் ஆண்டவர் அவளை எடுத்துக்கொண்டார். அன்றிலிருந்து ஜெபத்திலும் அந்த வரி என் வாயில் வருவதில்லை. சொன்னால் கேட்டுவிடுகிறாரே.

மருமகள் இதுவரை எழுதியதைத் திரும்பப் படித்தாள். பிறகு, "ஆபரேஷன் அன்னிக்கு எனக்காக அதச் சொல்லணும் மாமா" என்றாள்.

வேறு எதையாவது கேளேன், தாயே.

ஜூன் 14

போதகர் வந்தார். "கர்த்தர் கையில முழுசா ஒப்புக்கொடுத்துடுங்க பெரியவரே" என்றார். நான் சாரம் கட்டிப் பிழைத்தவன். அடுத்தவன் போட்ட முடிச்சில் கால் வைத்ததில்லை. எட்டு மாடியானாலும் நானே கட்டி, நானே ஏறுவேன். "ஆண்டவரே வந்து கட்டினாலும் இவன் ஆட்டிப் பாத்துட்டுத்தான்யா ஏறுவான்" என்பார் மேஸ்திரி. எல்லோரும் சிரிப்பார்கள், நானும் சிரிப்பேன். இன்றைக்குச் சிரிப்பு வரவில்லை.

ஜூன் 17

வாளி நிறைந்துவிட்டது. வேறொன்றும் சொல்வதற்கில்லை.

ஜூன் 20

இன்று எழுதுவது மகன். ஆஸ்பத்திரி வராந்தா. அன்றைக்கு வாளி என்றேன். வாளியா என் கவலை? அவளையே எழுத வைத்துக்கொண்டு அவளைப் பற்றிய பயத்தை எப்படிச் சொல்வேன்?

காலையில் அவளை ஆபரேஷனுக்குத் தள்ளுவண்டியில் கொண்டுபோனார்கள். தலையில் பச்சைத் துணி. கதவருகே வண்டி நின்றது. என்னையே பார்த்தாள். கேட்கவில்லை, பார்த்தாள். எட்டாவது மாடியில் கைப்பிடி தேடாதவன், வண்டிக் கம்பியைப் பிடித்துக்கொண்டேன். சொன்னேன். முழு வரியையும். அவள் கண்ணை மூடிக்கொண்டாள். கதவும் மூடிக்கொண்டது.

ஐயோ, என்ன காரியம் பண்ணிட்டேன்? எதுக்கு வாயத் தொறந்தேன்? ஆண்டவரே, கிழவன் உளறிட்டேன், அத மனசுல வச்சுக்காதேயும்—

"ஏம்ப்பா, திருப்பிக் குடுக்க அதென்ன கடையில எடுத்த சட்டையா?" என்றான் மகன். சொன்னவனே அழுதான். அதையும் எழுதுடா என்றேன்.

அவளுக்குப் பதிலாக என்னை எடுத்துக்கொள்ளும் என்று பேரம் பேசப் போனேன். இதுவும் முடிச்சை ஆட்டிப் பார்க்கிற வேலைதானே? விட்டுவிட்டேன். பயம் என்னை விடவில்லை.

ஜூன் 21

இன்னும் கண் திறக்கவில்லை.

ஜூலை 8

மறுபடி எழுத உட்கார்ந்த மருமகளின் கையெழுத்து கோழி கிளறியதுபோல் இருக்கிறதென்று மகன் கேலி செய்கிறான். "மூச்சு வாங்கி மூச்சு வாங்கி எழுதறவளுக்கு வேற எப்படிடா வரும்?" என்றேன்.

"இதையுமா எழுதணும் மாமா?"

எழுதும்மா.

இன்னும் ஆறு மாதம் ஜாக்கிரதையாக இருக்க வேண்டும் என்கிறார் டாக்டர். அவள் தும்மினால்கூட எனக்குப் பகீர் என்கிறது.

இன்று ஜெபத்தில் அந்த இடம் வந்தபோது அவளுக்கு மூச்சு முட்டியது. நிறுத்தினாள். அவளைப் பார்த்து மகனும் நிறுத்திவிட்டான். வரி அந்தரத்தில் நின்றது. நான்தான் சொல்லி முடித்தேன்.