மீதி வராத எண்

அன்பு மகள் தமன்னாவுக்கு,

இதை உனக்கு எழுத வேண்டாம் என்றுதான் அம்மா சொன்னாள்.

நேற்று ஆஸ்பத்திரியில் டாக்டர், அவளுக்கு இன்னும் ஆறு வாரம்தான் என்றார். பொங்கோல் வீட்டுக்குத் திரும்பும் டாக்சியில் அவள் எதையோ முணுமுணுத்துக்கொண்டே வந்தாள். துஆ ஓதுகிறாள் என்று நினைத்தேன். கணக்கு டீச்சர் அல்லவா, கணக்குதான் போட்டிருக்கிறாள்.

"ஆறு வாரத்துக்கு 3,628,800 செகண்ட்ஸ்ங்க. ஒன்னுலேர்ந்து பத்து வரைக்கும் வரிசையாப் பெருக்குனாலும் அதே நம்பர்தான் வருது. பத்து வரைக்கும் எதால வகுத்தாலும் மீதி வராது லா."

"மூனால?" என்று கேட்டேன். நாம் மூன்று பேர்தானே.

"வராது." சன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். "ஆனா அவ வரமாட்டா. ரெண்டாலயே வகுத்துக்கலாம்."



உனக்கும் அம்மாவுக்கும் நடந்த சண்டையில் யார் பக்கம் நியாயம் என்று நான் இப்போது கேட்கவில்லை. மெல்பர்னில் உனக்கு வேலை அதிகம் என்பதும் தெரியும். இன்று காலை உன் அறையைச் சுத்தம் செய்தேன். அம்மா வாசலில் நின்று பார்த்தாள், ஏன் என்று கேட்கவில்லை. உன் கட்டிலில் புது விரிப்பைப் போட்டபோது, மெல்ல நடந்து வந்து மறுமுனையைப் பிடித்துக்கொண்டாள்.

உன்,
அத்தா