கவிழ்த்து வைத்த கோப்பைகள்

எல்டர் க்ரீக்
திங்கட்கிழமை காலை

அன்பு மகள் மார்லிஸுக்கு,

உன் அப்பா நம் ஊர் ஆஸ்பத்திரியை மூடச் சொல்லிச் சட்டசபையின் முதல் ஓட்டெடுப்பில் கை தூக்கிவிட்டார். மற்றபடி இங்கே எல்லோரும் சுகம், நாய்க்குக்கூட இடுப்பு வலி குறைந்துவிட்டது. ஹாலிஃபாக்ஸ் ஈரக் காற்றில் நீயும் இருமாமல் இருக்கிறாய் என்று நம்புகிறேன். கோதுமை அறுவடை முடிந்தது. உன் தம்பி டேலின் மனைவி ஷெர்ரிக்கு ஜனவரியில் பிரசவம், மூத்தவனைப் போல இதுவும் இரண்டு மணி நேரத்தில் வந்துவிடும் என்று சிரிக்கிறாள், எனக்குத்தான் சிரிப்பு வரவில்லை. அடுத்த ஆஸ்பத்திரி தொண்ணூறு மைல், ஜனவரிப் பனியில் நம் சாலை எப்படி இருக்கும் என்று உனக்குத் தெரியும்.

ரயில் பாதையைப் பிடுங்க வந்தவர்களுக்கு எதிராகத் தண்டவாளத்தின் குறுக்கே டிராக்டரை நிறுத்திய மனிதர் இவர். அதற்காகவே ஊர் இவரை ஆறு தேர்தலில் ஜெயிக்க வைத்தது. குறைந்த வரி, கடவுள் பயம், தன் காலில் நிற்பது என்று இருபத்து மூன்று வருஷமாகப் பேசுகிறார், நானும் அதையெல்லாம் நம்புகிறவள்தான். ஆனால் தன் காலில் நில் என்று நமக்குச் சொல்லும் தலைநகரத்துக் கனவான்களின் வீட்டிலிருந்து ஆஸ்பத்திரி பத்து நிமிஷம்.

நேற்று சர்ச்சின் கீழ்த்தளத்தில் வான்கோழி விருந்து. வழக்கம்போல அப்பா ஏப்ரன் கட்டிக்கொண்டு பெரிய காபிப் பானையைத் தூக்கினார். நம் தொகுதி உறுப்பினர்தானே எப்போதும் ஊற்றுவது. முதல் மேஜையில் எல்லாக் கோப்பையும், ‘வேண்டாம்’ என்பதுபோலக் கவிழ்ந்திருந்தது. இரண்டாவதிலும் அப்படியே. காபி தண்ணியாக இருக்கிறது போல என்று நினைத்துக்கொண்டு சமையலறைக்கு வந்து என்னைப் புதிதாகக் காய்ச்சச் சொன்னார், மார்லிஸ்! காய்ச்சிக் கொடுத்தேன். எடுத்துக்கொண்டு போனார், எட்டு மேஜையிலும் அதே கதை. “என்னப்பா, எல்லாரையும் டாக்டர் காபி குடிக்கக் கூடாதுன்னுட்டாரா?” என்றார். உடனே பக்கத்துப் பண்ணை ஓல்கா, “எந்த டாக்டரு? அவரைத்தான் நீ தொண்ணூறு மைலு தள்ளி அனுப்பிட்டியே, ஆர்வில்!” என்றாள். கூடமே குலுங்கிச் சிரித்தது, பாதிரியாருக்குப் புரையேறிவிட்டது. கோப்பைகளை மேஜையில் அடுக்கியது நான்தான். கவிழ்த்தது அவரவர். என்னுடையதை மட்டும் நான் கவிழ்த்தேன்.

வீட்டுக்கு வரும் வழியில், “கட்சி முடிவு பண்ணினா நான் என்ன செய்ய, இங்கா? கட்சி இல்லாம நான் யாரு?” என்றார். “ஆர்வில் டாங்கன். கல்யாணத்துல எனக்கு அந்தப் பேரைத்தான் சொன்னாங்க” என்றேன். கடைசி ஓட்டெடுப்பு வியாழக்கிழமை.

விருந்தில் மீந்த பூசணிக்காய்ப் பலகாரம் ஒன்று இருந்தது, காலையில் நானே தின்றுவிட்டேன், மன்னித்துக்கொள். பனி டயரை இந்த வாரமே மாற்று. கம்பளிக் காலுறை தனியாக அனுப்பியிருக்கிறேன். கர்த்தர் உன்னை நல்ல உடம்போடும் நல்ல புத்தியோடும் வைத்திருக்கட்டும்.

முத்தங்களுடன்,
அம்மா

பி.கு.: கவரை ஒட்டும் நேரம் அப்பா தலைநகருக்குக் கிளம்பிவிட்டார். ஓடிப்போய்க் கார் கண்ணாடியைத் தட்டினேன். “வியாழக்கிழமை உன் கை எந்தப் பக்கம் போகும்? சொல்லிட்டுப் போ” என்றேன். இஞ்சினை முடுக்கினார். மறுபடியும் தட்டினேன். “சொல்லு, ஆர்வில்.”